லண்டன் சாப்பிடும் அரை மணி நேரம்

அத்தியாயம் பதினேழு

சித்திரை வருடப் பிறப்பன்று எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், பட்டாசையும் அமுக்கிக்கொண்டு ஒரு சத்தம் கேட்டதே, நினைவிருக்கிறதா? அது முத்துவீரன் "சரி" என்று சொன்ன சத்தம்.

ஐந்து வருடமாக "முடியாது" என்பதைத் தவிர வேறு பதில் வைத்திராத வாய் அது. மகன் தர்மராஜாவின் பெயரை யாராவது எடுத்தால் போதும். எடுத்தவர் எழுந்து போய், வீடு சேர்ந்து, கால் கழுவும்வரை முத்துவீரன் கூரைத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்படிப் பார்த்துப் பார்த்தே இரண்டு தகரம் ஓட்டையாகிவிட்டது என்று லயத்தில் பேச்சு.

காரணம் பெரியதுதான். மனைவி நாகமுத்து கண்ணை மூடியபோது தர்மராஜா கனடாவில் ஒழுங்கான கடதாசி எதுவும் கையில் இல்லாமல் கிடந்தான். புறப்பட்டால் திரும்பிப் போக வழியில்லை. அவன் வரவில்லை. செத்தவீட்டன்று தோட்டத்து ஆபீசுக்குப் போன் எடுத்தான். கிளாக்கர் வெயிலில் ஓடிவந்து முத்துவீரனைக் கூப்பிட்டார்.

"எனக்கு ஒரு பொண்ணு மட்டுந்தாங்க" என்று சொல்லிவிட்டு முத்துவீரன் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஆபீஸ் மேசையில் மல்லாந்து கிடந்த ரிசீவரைக் கடைசியில் கிளாக்கரே எடுத்து வைத்தார்.

அந்த ஒரு பெண்தான் நம் புஷ்பவதி.

போன தீபாவளிக்கு அவள் அப்பாவின் சம்மதம் கிடைக்குமுன்பே அவரோடு போனில் பேசத் தம்பிக்கு நேரம் சொல்லிவைத்துவிட்டாள். கெஞ்சினால் இளகிவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. முத்துவீரன் மாத்தளைக்கு இறங்கி வரவேயில்லை. அந்தப் பக்கம் தம்பி காத்திருக்க, "பஸ் லேட்டுடா தம்பி" என்று ஒரு பொய்யைத் தூக்கிச் சமுத்திரத்துக்கு அப்பால் எறிந்தாள். ஒரு மாதத்தில் உண்மை அவன் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தோட்டத்துக்காரர்கள் இல்லாத நாடு உண்டா?

"இன்னும் ஒரே ஒரு தடவை பாப்போம் அக்கா. அதுக்கப்புறம் என்னைக் கேக்காத" என்றான் தர்மராஜா.

அந்த ஒரே ஒரு தடவைதான் இந்தச் சனிக்கிழமை.

புஷ்பவதிக்கு வேலை மாத்தளை நகரில், ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில். றவூப் ஹாஜியாரின் கோல் சென்டர். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்குப் போன் எடுத்து, ஆடி மாதம் ஊருக்கு வந்துபோக விமான டிக்கட் விற்கும் இடம். பேசுவதற்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். எந்த ஊருக்கு எந்த நேரத்தில் எடுப்பது என்று திட்டம் போடுவது புஷ்பவதி.

இலேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். மெல்போர்னில் ஒருவர் பல் விளக்கிக்கொண்டு படுக்கப் போகும் வேளையில் லண்டனில் ஒருவர் சோற்றில் கை வைப்பார். டொரன்டோவில் மூன்றாமவர் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடுவார். தவறான நேரத்தில் தொட்டால் டிக்கட் போகாது, திட்டு மட்டும் வரும். பங்குனியில் லண்டன்காரர்கள் வழக்கம்போல் தங்கள் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்களே, அன்றைக்குப் பார்த்துப் புஷ்பவதி லீவு. வெம்பிளியில் ஒரு பெரியவரை நடுப்பூசையில் எழுப்பிவிட்டார்கள். அவர் திட்டிய திட்டில் ஹெட்போனின் பஞ்சு கருகிவிட்டது. அந்த வாசனை போக மூன்று நாள் ஊதுபத்தி கொளுத்தினார்கள்.

அன்றிலிருந்து சுவரில் நான்கு மணிக்கூடுகள். மாத்தளை, மெல்போர்ன், லண்டன், டொரன்டோ. புஷ்பவதி சொன்னால்தான் சூரியனே அடுத்த ஊருக்குப் போகிறது என்று ஹாஜியார் வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொள்வார்.

அவளுடைய சனிக்கிழமைத் திட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. பின்னேரம் ஆறு மணிக்கு மெல்போர்ன் நித்திரை. லண்டன் மத்தியானச் சாப்பாட்டில் இருக்கும். டொரன்டோவிலோ, விடுமுறை நாளில் காலை ஒன்பதுக்கு முன் போன் எடுத்தால் கூடப்பிறந்தவர்கள்கூட உறவை அறுத்துக்கொள்வார்கள். அந்த ஒன்பது மணி, இங்கே ஆறரை. ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவில் அந்த மேல்மாடியில் ஒரு லைனும் பேசாது. உலகமே மூச்சு வாங்கும் அரை மணி நேரம்.

அந்த அரை மணியைத்தான் அவள் அப்பாவுக்கும் தம்பிக்கும் கேட்டு வாங்கியிருந்தாள். தம்பி லொறி ஓட்டுகிறவன், ஒன்பது மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டியவன். லயத்தில் போன் இல்லை. தோட்டத்து ஆபீஸ் போனைச் செத்தாலும் தொடமாட்டேன் என்று முத்துவீரன் சத்தியம் பண்ணியிருந்தார். எல்லாம் பொருந்தி வந்த ஒரே இடம் அதுதான்.

நடுவில் அரசாங்கம் ஒரு காரியம் செய்தது. தொண்ணூற்றாறில் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறோம் என்று நாட்டின் மணிக்கூட்டை முன்னால் தள்ளி அரை மணியில் நிறுத்தினார்கள் அல்லவா? பத்து வருடம் ஊர் சுற்றிய அந்த அரை மணி வீடு திரும்புகிறது. வருடப் பிறப்பு இரவு பன்னிரண்டரைக்கு முழு இலங்கையும் மணிக்கூட்டை அரை மணி பின்னால் வைக்கவேண்டும் என்று வானொலியில் சொல்லிக்கொண்டேயிருந்தார்கள்.

முத்துவீரனுக்கும் அரசாங்க நேரத்துக்கும் ஒருநாளும் ஒத்துவந்ததில்லை. தொண்ணூற்றாறில் லயம் முழுக்க மணிக்கூட்டை முன்னால் தள்ளியபோது அவர் ஒருவர்தான் தள்ளவில்லை. "பஞ்சாங்கத்துல ராகுகாலம் மாறுச்சா? சூரியன் மாறுச்சா? நான் மட்டும் ஏன் மாறணும்?" யாராவது நேரம் கேட்டால், "யாரு நேரம் வேணும்? என்னோடதா, கவர்மென்டோடதா?" என்று விசாரித்த பிறகே சொல்வார். பஸ்ஸுக்குப் போகும்போது மட்டும் மனதுக்குள் அரை மணி கூட்டிக்கொள்வார். மருமகன் தியாகராஜா, புஷ்பவதியின் கணவர், யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஆள், பகிடிக்காரர். "மாமா, வன்னியில புலிகளும் இந்தப் பழைய நேரந்தான். ஆமிக்காரன் உங்கட மணிக்கூட்டைப் பாத்தால் உங்களையும் பிடிச்சுக்கொண்டு போயிடுவான்" என்று சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை.

வருடப் பிறப்பன்று மத்தியானம் புஷ்பவதி அப்பாவின் காலடியில் உட்கார்ந்து சொன்னாள்.

"நாளைக்கு ஆறு மணிக்கு அங்க இருக்கணும்பா. நாலு மணி பஸ்ஸ விட்டுடாதீங்க. இன்னைக்கு ராத்திரி ஊரே கடியாரத்த அரை மணி பின்னால வைக்குது, நீங்களும் வச்சிருங்க. பழைய நேரம் புது நேரம்னு கூட்டிக் கழிச்சுக் கொழப்பாதீங்க. எனக்காக ஒரே ஒரு தடவை நாட்டோட சேந்து நடங்க."

முத்துவீரன் கூரையைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். "சரி" என்றார்.

அந்தச் சத்தத்தில்தான் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

*

சனிக்கிழமை கோல் சென்டரில் எல்லோரும் புஷ்பவதியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். கொம்பியூட்டர்களின் நேரம், சுவர் மணிக்கூடு, எந்த லைன் எப்போது எந்த ஊருக்கு என்ற கணக்கு எல்லாவற்றையும் அவள் விடியற்காலையிலேயே வந்து மாற்றிவைத்திருந்தாள். மெல்போர்னுக்குப் போன அழைப்புகளில் ஒன்றுகூடப் பிசகவில்லை.

றவூப் ஹாஜியார் இனிப்புக்கு வட்டிலப்பத்தோடு வந்தார்.

"கண்டில ஒரு எடத்துல காலையில எல்லாம் கொழம்பிப் பெயித்தாம் மகள். மனிசர் தொழுவுற நேரம் பாக்காம, திங்கிற நேரம் பாக்காம எடுத்தீக்காங்க. நம்மட எடத்துல ஒரு கோல் பிழைச்சா? நீங்க ஈக்கிற வரைக்கும் எனக்கு நிம்மதியா நித்திர வரும்."

"ஆறு மணிக்கு அந்த ஒரு லைன் மட்டும், ஹாஜியார்."

"அது ஒங்கட வாப்பாட லைன். நான் சென்னா சென்னதுதான். ஆறரைக்கு டொரன்டோ தொடங்கினா மட்டும் விட்டுரோணும், சரியா?"

ஐந்தரைக்கே தியாகராஜா முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து நின்றார். யட்டவத்தையில் பிரதேச செயலகத்தில் வேலை. ஃபைலைத் தவிர எதற்கும் அவசரப்படாதவர் என்று அவரைப்பற்றி முன்பே சொல்லியிருக்கிறோம். இன்று அவரே அவசரப்பட்டார்.

"மாமாவை பஸ் ஸ்டாண்டில இருந்து நான் கூட்டிக்கொண்டு வாறன். நீர் உம்மட உலகத்தைப் பாரும்."

"எங்கயும் டீ குடிக்க நிக்காதீங்க."

"நான் என்ன பச்சைப்பிள்ளையே?"

ஆறு மணி. லண்டன் லைன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. பிள்ளைகள் வட்டிலப்பத்தின் பக்கம் பாய்ந்தார்கள். மூலையில் இருந்த மேசையில் புஷ்பவதி தம்பியின் எண்ணை அழுத்தினாள். இரண்டாவது மணிக்கே எடுத்துவிட்டான்.

"அக்கா."

"எப்படிடா இருக்க? வருசப் பொறப்புக்கு என்ன பண்ணின?"

"பாக்கெட் பாயாசம். கிண்டக் கிண்டக் கல்லாயிருச்சு. ஜன்னல் கண்ணாடிக்கு அப்புற புட்டி மாதிரி." சிரித்தான். உடனே நிறுத்தினான். "அப்பா?"

"வந்துக்கிட்டே இருக்காரு. அத்தான் கூப்பிடப் போயிருக்காரு."

"சரி."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ஷேவ் எடுத்திட்டு உக்காந்திருக்கேன்க்கா. போன்ல மூஞ்சி தெரியாதுதான். இருந்தாலும்."

புஷ்பவதி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னன்னு ஆரம்பிக்கிறதுன்னே தெரியலக்கா. 'நல்லா இருக்கீங்களா'ன்னு கேட்டா, 'செத்தா சொல்லி அனுப்புறேன்'ம்பாரு."

"அப்படிச் சொன்னா நீ சிரிச்சிரு. அவருக்கு அது போதும்."

"அம்மா மாதிரி பேசுறக்கா."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. தியாகராஜா மட்டும். உதட்டைப் பிதுக்கிக் கையை விரித்தார். பஸ் வந்துவிட்டது, மாமா இல்லை. கையாலேயே ஆமிக்காரன்போல் ஒரு துவக்கு பிடித்துக் காட்டினார். திருகோணமலைப் பக்கம் நிலைமை கெட்டுப்போனதிலிருந்து வழியெல்லாம் சோதனை. அங்கே மறித்துவிட்டார்களோ? புஷ்பவதி போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "திரும்பிப் போய்ப் பாருங்க" என்று கையை வீசினாள். அவர் படியில் விழுந்தடித்து இறங்கினார்.

அதன்பிறகு புஷ்பவதி பேசிய பேச்சுக்கு அளவில்லை. லயத்தில் ஆடு குட்டி போட்டதைச் சொன்னாள். இரத்தோட்டைச் சித்தப்பாவின் மூட்டுவலியைச் சொன்னாள். போட்டது ஒரு குட்டி. வாய்க்குள் வேறு எதுவும் வராததால் மூன்று குட்டி என்று சொல்லி, மூன்றுக்கும் பெயரும் வைத்தாள். தம்பி "ம்" கொட்டினான். அவனுடைய "ம்" மெல்ல மெல்லச் சின்னதாகிக்கொண்டு வந்தது.

அந்தப் பக்கம் எங்கோ கீழே ஒரு ஹோர்ன் நீளமாக அலறியது.

"கூட்டாளி வந்துட்டான்க்கா. வின்னிபெக் போகணும்."

"இன்னும் கொஞ்சம் இருடா. பஸ் லேட்டு."

சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் அது எந்தச் சொல் என்று அவளுக்கு உறைத்தது.

"தீபாவளிக்கும் அந்த பஸ்தான் லேட்டாச்சு" என்றான் தர்மராஜா.

"இல்லடா, இது நெசம். அம்மா சத்தியமா..."

"அம்மாவ ஏன்க்கா இழுக்கிற?" குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு சண்டை போடலாம். "வரமாட்டாருன்னா வரமாட்டாரு. நீ எதுக்கு பஸ்ஸுக்குப் பழி போடுற? போதும்க்கா. இனிமே கேக்காத."

லைன் அறுந்தது. சுவரில் ஆறரைக்கு இன்னும் ஒரு கண் சிமிட்டல் இருந்தது.

*

டொரன்டோ தொடங்கியது. கொம்பியூட்டர் தானாகவே எண்களை எடுத்து எடுத்துப் பிள்ளைகளின் காதுகளுக்கு அனுப்பியது. கூட்டம் கூட்டமாகக் குரல்கள் எழும்பின. எல்லோர் வாயிலும் ஒரே வாக்கியம்: "வணக்கம்! அம்மா அப்பா வாசலப் பாத்துக்கிட்டு இருக்காங்க, இந்த ஆடிக்கு ஊருக்கு வாறீங்களா?"

அந்த வாக்கியத்தை எழுதிக்கொடுத்தவளே புஷ்பவதிதான். அதைக் கேட்டு அழுதவர்கள் பாதி, டிக்கட் வாங்கியவர்கள் மீதி என்று ஹாஜியார் பெருமை பேசுவார்.

அவள் மூலை மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தோளில் யாரோ தொட்டார்கள். றஹீமா. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகாத பிள்ளை.

"புஷ்பாக்கா, மொதல் கோலே ஒரு மாதிரி."

"ஏசினாங்களா?"

"ஏசினா பரவால்லயே. ஒரே மணியில எடுத்தாரு, ஓடி வந்து எடுத்த மாதிரி மூச்சு வாங்குது. 'அப்பா?' எண்டு கேட்டாரு. நான் நம்மட வசனத்தச் சென்னேன். பொறகு, 'எங்கப்பா வாசலப் பாக்கல்ல தங்கச்சி. இந்த நம்பருக்கு இனி எடுக்காதீங்க'ன்னு மெதுவாச் செல்லி வெச்சிட்டாரு."

"நீ என்ன பண்ணின?"

"செவப்ப அமத்திட்டேன். நீங்கதானே செல்லித் தந்தீங்க?"

சிவப்பு என்பது கொம்பியூட்டரில் ஒரு பொத்தான். 'இனி எடுக்காதே' என்று யாராவது சொன்னால் அதை அமத்த வேண்டும். அமத்தினால் அந்த மேல்மாடியின் எந்த லைனும் அந்த எண்ணுக்கு மறுபடி போகாது. மனிதர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று புஷ்பவதி கொண்டுவந்த சட்டம். திரையில் இருந்த எண்ணை அவள் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் பார்த்தாள். மாசி மாதத்தில், மலிவு டிக்கட் என்று கேட்டாலாவது தம்பிக்கு ஊர் ஆசை வரட்டும் என்று அவனுடைய எண்ணைக் கூட்டத்தோடு கூட்டமாகச் சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

"பிழையா அமத்திட்டேனாக்கா?"

"இல்ல றஹீமா. சரியாத்தான் அமத்தியிருக்க."

*

அப்போதுதான் படியில் ஓர் ஊர்வலமே ஏறிவருவதுபோல் சத்தம் கேட்டது. ஏறியவர்கள் இரண்டே பேர். முன்னால் முத்துவீரன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. தலையில் வைத்த எண்ணெய் காதோரமாக வழிந்து கழுத்தை எட்டியிருந்தது. கையில் முறுக்கு டின். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு தியாகராஜா.

"வந்துட்டேன் புஷ்பம்!" என்று முழங்கினார் முத்துவீரன். "பஸ்ஸு அரை மணி லேட்டு! நாலு மணி பஸ்ஸு நாலரைக்குத்தான் வருது. ஆனா டிரைவர் கெட்டிக்காரன். பறந்து வந்து சரியா ஆறு மணிக்கு எறக்கிட்டான். எங்க போன்?"

அவர் சுவரைப் பார்த்தார். மாத்தளை மணிக்கூட்டைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார்.

"ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நீங்க வைக்க மறந்துட்டீங்களா? நல்ல கூத்து! நான் வச்சிட்டேன். நேத்து ராத்திரி லயத்து ஆளுகள எல்லாம் கூப்பிட்டு, ஸ்டூல் மேல ஏறி, எல்லாரும் பாக்க அரை மணி பின்னால வச்சேன். இதையும் வச்சேன்" என்று கையைத் தூக்கிக் காட்டினார். "எந்த கவர்மென்டு சொல்லியும் கை வைக்காத கடியாரம். எம்மக சொன்னாளேன்னு வச்சேன்."

தியாகராஜாவின் வாய் திறந்தது. "மாமா, உங்கட மணிக்கூடு முந்தியே பழைய நேரத்தில..."

புஷ்பவதி அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நெரித்தாள்.

முன்னால் தள்ளியவர்கள்தான் பின்னால் வைக்க வேண்டும். தள்ளாமலே இருந்த மனிதரிடம் போய், நீங்களும் வையுங்கள் என்று சொன்னது யார்? நாடு பத்து வருடம் கழித்து அவருடைய நேரத்துக்கு இறங்கி வந்த அன்றிரவு, அவரை மட்டும் இன்னோர் அரை மணி கீழே இறக்கிவிட்டது யார்? மூன்று கண்டத்தின் நேரத்தை விரல் நுனியில் வைத்திருந்தவளுக்குத் தன் வீட்டுச் சுவர் ஞாபகம் வரவில்லை. நாலு மணி பஸ் நாலு மணிக்கே போய்விட்டது. அவர் ஏறியது அதற்குப் பிந்திய பஸ்.

"அப்பா, பஸ் லேட்டில்ல. தப்பு என்னோடது" என்றாள். "உங்க கடியாரம் சரியாத்தான் இருந்துச்சு. அத மாத்தச் சொல்லியிருக்கக் கூடாது."

முத்துவீரன் யோசித்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்ப, இத்தன வருசமா சரியா இருந்தது என் கடியாரந்தான்?"

"ஆமாப்பா."

"கேட்டீங்களா மாப்ள? நேத்து ராத்திரிதான் தப்பாயிருக்கு."

"ஓம் மாமா" என்றார் தியாகராஜா, தரையைப் பார்த்து.

சிரிப்பு பாதியில் நின்றது. முறுக்கு டின்னை மேசையில் வைத்தார்.

"அவன் இருந்தானா?"

"இருந்தான்ப்பா. கடைசி வரைக்கும் இருந்தான். உங்ககூடப் பேசணும்னு ஷேவ் எல்லாம் எடுத்திட்டு உக்காந்திருந்தான்."

முத்துவீரன் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். அவரும் எடுத்திருந்தார். தாடையோரம் ஒரு வெட்டுக்காயம்கூட இருந்தது.

*

றவூப் ஹாஜியார்தான் தன் அறைக் கதவைத் திறந்துவிட்டார். "அந்த லைன்ல போகாட்டி என்ட மேசைப் போன்ல எடுங்க. வெளிநாட்டுக்கு எடுக்கிற கார்ட் ஒண்டு ஈக்கி. என்னத்துக்குப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்க?"

மணி அடித்தது. அடித்துக்கொண்டேயிருந்தது. பிறகு 'க்ளிக்' என்று ஒரு சத்தம். தர்மராஜாவின் குரல், இங்கிலீசில், யாரோ எழுதிக்கொடுத்ததைப் படிப்பதுபோல.

"அவந்தான்!" என்றார் முத்துவீரன்.

"மெசின்பா. அவன் வீட்டுல இல்ல. நீங்க பேசுறத அது பிடிச்சு வச்சிருக்கும், வந்ததும் கேப்பான். 'கீச்'னு ஒரு சத்தம் வரும், வந்ததும் பேசுங்க."

முத்துவீரன் ரிசீவரைக் காதில் வைக்கவில்லை. கோவில் திருவிழாவில் மைக் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் வாய்க்கு நேரே பிடித்தார். தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்குப் போன் இல்லாமலே கனடா கேட்டிருக்கும்.

"தர்மராஜா! ஒங்கப்பன் பேசுறேன். என்னடா, பெரிய மனுசனாயிட்டியா? அரை மணி நேரம் காத்திருக்க முடியாதா ஒனக்கு? ஒங்கம்மாவக் கொண்டுபோய் வச்சு அஞ்சு வருசமாச்சு, ஒரு எட்டு வந்து பாத்தியா? மண்ணு போட ஆம்பளப்புள்ள இல்லாம நான் நின்ன நிலைமை ஒனக்குத் தெரியுமா? ஊருல எல்லாம் கேக்குறான், ஒம்மகன் எங்க, ஒம்மகன் எங்கன்னு. நான் என்னடா சொல்றது?"

கீச்.

பிறகு 'கொர்ர்' என்ற ஒற்றைச் சத்தம். ரிசீவருக்குப் பக்கத்தில் நின்ற புஷ்பவதிக்கு அது தெளிவாகக் கேட்டது. கொடுத்த நேரம் முடிந்து மெசின் லைனை அறுத்து வாயை மூடிக்கொண்டுவிட்டது. முத்துவீரனுக்குக் கேட்கவில்லை. அவர் மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தியிருந்தார். மறுபடி பேசியபோது குரல் வேறாக இருந்தது.

"சரி, அத விடு. அத நான் சொல்ல வரல. அன்னைக்கு ஆபீசுக்கு நீ போன் எடுத்தப்ப நான் போகல. போயிருக்கணும். அம்மா மூஞ்சியப் பாக்க முடியாத புள்ள, என் குரலயாவது கேட்டிருப்ப. நீ அங்க தனியா எப்படி அழுதியோ, யாருகிட்ட சொன்னியோ. நான் யோசிக்கல தம்பி. நான் ஒருத்தன்தான் அவளுக்கு அழணும்னு நெனச்சுட்டேன்."

தியாகராஜா மெதுவாக அறையைவிட்டு வெளியே போனார். ஹாஜியார் ஜன்னலைத் திறந்து, தெருவில் எதுவும் இல்லாத ஓர் இடத்தை வெகு உன்னிப்பாகப் பார்த்தார்.

"குளிருக்குத் தலைய மூடிக்கிட்டு ஓட்டு. வெறும் வயித்தோட லொறியில ஏறாத. வாடா. முடிஞ்சப்ப வா. வாசல்லதான் இருக்கேன்."

கொர்ர் என்றது ரிசீவர்.

புஷ்பவதியின் கை தானாக நீண்டது. மறுபடி எண்ணை அழுத்தலாம். 'அப்பா, முன்னாடி ஏசினது மட்டுந்தான் அதுல இருக்கு. பின்னாடி சொன்னத இன்னொரு தடவை சொல்லுங்க' என்று கேட்கலாம். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். தலையிலிருந்து கொழுந்துக் கூடையை இறக்கி வைத்ததுபோலக் கழுத்து நிமிர்ந்திருந்தது. அந்தச் சொற்கள் அந்த வாய்க்கு வந்துசேர ஐந்து வருடம் எடுத்தது. இரண்டாம் தடவை வருமா? ஒன்றும் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தால், இனி எதற்காவது இவர் "சரி" என்று சொல்வாரா?

நீண்ட கை ரிசீவரை வாங்கி அதன் இடத்தில் வைத்தது.

வெளியே மாத்தளை இருட்டிக்கொண்டு வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும் வழியெல்லாம் முத்துவீரன் எதிரே வந்தவர்களுக்கெல்லாம் முறுக்கு நீட்டினார். தெரிந்தவர், தெரியாதவர், சோதனைச் சாவடியில் நின்ற பொலிஸ்காரர், ஒருவரையும் விடவில்லை.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்ல புஷ்பம்? ஒண்ணும் விட்டுப் போகலயே?"

"சொல்லிட்டீங்கப்பா" என்றாள் புஷ்பவதி.

தர்மராஜா வின்னிபெக் போய்த் திரும்பப் புதன்கிழமை ஆகும். வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் முதலில் அந்த மெசினைத்தான் போட்டுக் கேட்பான்.